ஆறு மேலே ஏறுவதில்லை

இருவர் மிதிக்கும் சைக்கிள்.
முன்னால் நான், ஹெலெத்:
கைப்பிடி, பிரேக், கியர் எல்லாம் என் வசம்.
பின்னால் இட்வால்:
இரண்டு பெடல், ஒரு தண்ணீர்ப் புட்டி,
நான் சொல்வதை நம்பியாக வேண்டிய கட்டாயம்.

வார நாட்களில் கவுன்சில் அலுவலகத்தில்
குப்பை வண்டி வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குத்
தொலைபேசியில் பதில் சொல்கிறவன்.
மூச்சை இழுக்கும் விதத்திலேயே
பொய்யைப் பிடித்துவிடுவேன் என்பான்.
ஞாயிறு காலை ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு
"இன்றைக்கு எத்தனை மேடு?"
வேறெதுவும் கேட்கமாட்டான்.

பிறந்ததிலிருந்தே பார்வையில்லை.
அதனால் நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன்.
பள்ளம்.
இடப்பக்கம் சாணி.
எதிரே பால் லாரி, ஒதுங்குகிறேன்.
கியர் மாற்றணும், காலைத் தளர்த்து.
நடுமுதுகில் புல் முளைத்த
வேல்ஸ் நாட்டுச் சந்துகளில்
ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கார் வந்தால் கூட்டம்.

அவனும் சொல்வான், நான் பார்க்காததை:
"வேலி முடிந்து கல்சுவர் வந்துவிட்டது,
சங்கிலிச் சத்தம் திரும்பி வருகிறது, கேள்."
"இங்கே யாரோ நேற்று வேலி கத்தரித்திருக்கிறார்கள்,
பச்சைக் கட்டை வாசனை. டயர் பத்திரம்."

பிப்ரவரி. ஆடுகள் ஈனும் மாதம்.
கால்நடை மருத்துவமனையில் என் கை
முந்தின இரவு முழங்கை வரை
ஒரு தாயாட்டுக்குள் இருந்தது.
இரட்டைக் குட்டி. ஒன்று பிழைத்தது.
தூங்கியது மூன்று மணி நேரம்.

சிவப்புத் தபால்பெட்டி முச்சந்தி.
வலப்பக்கம் ரியூ வென்:
நாலடிக்கு ஓரடி ஏறும் மேடு.
இடப்பக்கம் ஆற்றோரச் சாலை,
தோசைக்கல் மாதிரி தட்டை.

இடப்பக்கம் திருப்பினேன்.
"மேடு ஆரம்பம்" என்றேன்.

சின்னக் கியருக்கு வந்தேன்.
பின் பிரேக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தேன்.
பெருமூச்சு விட்டேன், பாதி நிஜம்.
பாவம், இட்வால் எழுந்து நின்று மிதித்தான்.
சமதரையில் அவன் முழங்கால்கள்
மலையேறிக்கொண்டிருந்தன.
"செங்குத்தா இருக்கு" என்றான்.
"ஆமா" என்றேன்.

ஒரு மைல் போயிருப்போம்.

"ஹெலெத்."
"ம்."
"இந்த ஆறு எதுக்கு நம்மோட மேலே ஏறுது?"

வலது தோளருகே தண்ணீர்
கூழாங்கற்களோடு சலசலத்துக்கொண்டிருந்தது,
என் மானத்தை வாங்கவென்றே.
பிரேக்கை விட்டேன்.
சைக்கிள் வெட்கமில்லாமல் முன்னால் பாய்ந்தது.

சிரிப்பான் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
"களைப்பா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்.
தினமும் நூறு பேரிடம் கேட்கிறேன் பொய்யை.
இங்கே வேண்டாமே."

வேலிக்குள் ஏதோ பறவை
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப.
"மேலே போனால் உனக்கு என்ன இருக்கிறது?"
கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன்.

"உச்சியில் ஓர் இடம்.
வேலி கிடையாது, சுவர் கிடையாது, மரம் கிடையாது.
நம் சத்தம் போனது போனதுதான்,
எதிலும் பட்டுத் திரும்புவதில்லை.
அகலம் என்றால் என்னவென்று
எனக்கு அங்கேதான் தெரியும்."

அந்தச் சந்தில் இந்த நீளத்தைத் திருப்ப இடமில்லை.
இறங்கி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கித் திருப்பினோம்,
செத்த கன்றைத் தூக்குவதுபோல.

பாதி மேட்டில் பின்டயர் போனது.
கருமுள்.
நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியது ஐந்து நிமிடம்.
அவன் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி
"இதோ" என்றான்.
விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

மறுபடி ஏறினோம்.
கேலிக்கு ஒரு செம்மறி உறுமியது.
பேச மூச்சில்லை இருவருக்கும்.
"இன்னும் நூறடி" என்றேன்.

"தெரியும்" என்றான்,
"பிரேக் வாசனை வரவில்லை."