மூன்றாம் பிணம்

'உலகம் அழிந்து பதினேழாம் வருடம்'
என்று திரையில் எழுத்து விழுந்தபோது
பின்வரிசையில் ஒருவன் சொன்னான்:
"அப்போ ஓசூர் ரோடு ஃப்ரீயா இருக்கும்."
முதல் சிரிப்பு அதற்குத்தான்.
படத்துக்கு இல்லை.

நான் அதில் மூன்றாம் பிணம்.
எழுநூறு ரூபாய், ஒரு குஸ்கா.
பிரியாணி நாயகனுக்கு மட்டும்.
இரண்டாம் பாதியில் அதே நான்
பைக் ஹெல்மெட்டும் குப்பைக் கவருமாய்
விகாரமாகிப்போன மனிதனாக வருவேன்.
கதிர்வீச்சுக்குக் கடலைமாவு.
வேர்வையில் கரைந்து பஜ்ஜி வாசம்.
வேட்டையாடும் காட்சி முழுக்க
ஒரு தெருநாய் என் முழங்காலை நக்கியபடி வந்தது.
நவநீதன் கட் சொல்லவில்லை.

நாலரை லட்சம்.
அவன் அக்கா எடுத்த சீட்டுப் பணம் ஒன்றரை.
மீதி, ஒயிட்ஃபீல்டில் அவனை
வேலையிலிருந்து தூக்கும்போது கையில் கொடுத்தது.
செட் போடக் காசில்லை,
போடத் தேவையும் இருக்கவில்லை.
வர்த்தூர் ஏரி நுரையை ரோட்டுக்கே அனுப்பிவைத்தது,
வாடகை கேட்காமல்.
இடிந்த நகரத்துக்கு
ஜேசிபி வந்துபோன குடியிருப்பு ஒன்று அகப்பட்டது.
பாதிச் சுவர்கள், தொங்கும் வயர்,
கூரை போனதே தெரியாமல் நின்ற
நீல டைல்ஸ் சமையலறை.

"என்னா ஆர்ட் டைரக்‌ஷன்!"
என்றார் முன்வரிசைக் கண்ணாடிக்காரர்.

அல்சூரில் ஒரு கல்யாண மண்டபம்.
வாடகைத் திரை, நூற்றைம்பது நாற்காலி,
நேற்றைய ரிசப்ஷனின் சாமந்தி இன்னும் தூணில்.
இடைவேளைக்குள் மண்டபம்
பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்திருந்தது.
இடப்பக்கம் எதற்கும் சிரித்தது:
மைக் மேலிருந்து தலைநீட்டியதற்கு,
செத்த என் வயிறு ஏறி இறங்கியதற்கு,
கொடுங்கோலனின் சிம்மாசனமான தண்ணீர் லாரி
ரிவர்ஸ் எடுக்கையில் பாடிய சாமி பாட்டுக்கு.
வலப்பக்கம் முறைத்தது.
"தெரிஞ்சு எடுக்குறானா, தெரியாம எடுக்குறானா?
அத மட்டும் சொல்லச் சொல்லு."
தெரிந்து எடுத்தால் கலையாம்.
தெரியாமல் எடுத்தால் நூறு ரூபாயைத் திருப்பித் தரணுமாம்.
என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன்.
மூச்சுவிட்டது தெரியாமல்.
வெட்டாமல் விட்டது தெரிந்து.
யாரும் பிணத்தைக் கேட்பதில்லை.

கடைசிக்கு முந்தைய காட்சி.
நாயகன் அந்த நீலச் சமையலறைக்குள் நுழைகிறான்.
குழாயைத் திருகுகிறான்.
புஸ்ஸென்று காற்று.
மண்டியிட்டு அழுகிறான்
மனித நாகரிகம் மொத்தத்துக்கும் சேர்த்து.
ஓசியில் கிடைத்த வயலின்.
இடப்பக்கமே அடங்கிவிட்டது.
அப்போது, வடை போட வந்த சகாயமேரி,
கை துடைத்த துணி தோளிலேயே கிடக்க
கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்,
கத்தினார்:
"ஐய, அது எங்க வீட்டுக் கொழாய்!
அதுல அப்பவே வராதுப்பா!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே,
தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட.
இடப்பக்கத்துக்குச் சேர்ந்து சிரிக்கலாமா என்று குழப்பம்.
வலப்பக்கம் யாரை முறைப்பதென்று தேடியது.
கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.
"நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னால போ."
நவநீதன் லேப்டாப்பில் பின்னால் போனான்.
"அங்கதான். டைல்ஸ் நான் வாங்குனது.
சிட்டி மார்க்கெட், ஒடஞ்ச லாட்டு, கிலோ கணக்குல.
ஓரத்துல ஒண்ணு மட்டும் பச்ச, பாத்தியா?
கொத்தனார் மாத்தி ஒட்டிட்டான்.
ஆறு மாசம் அவன்கூட சண்ட."
நூற்றைம்பது பேரும் பச்சையைத் தேடினோம்.
இருந்தது.
படத்தை ஆறு மாதம் எடிட் செய்தவன்
அன்றுதான் அதைப் பார்த்தான்.

உறைந்த சட்டத்தில், குழாய்க்குக் கீழே,
கைகால் பரப்பி நான்.

"அது யாரு பொணம், என் அடுப்படில?"

கையைத் தூக்கினேன்.

என்னையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.
"கால மடக்கிப் படுத்திருக்கலாம்ல?
அங்கதான் சிலிண்டர் வைப்பேன்."

படம் மறுபடி ஓடியது.
இருட்டில், நாற்காலிக்கடியில்,
காலை மடக்கிக்கொண்டேன்.