சாக்கு

கீழமாரட் வீதி வெங்காய மண்டியில்
மூக்கொழுகுவதை யாரும் நோயென்று சொல்வதில்லை.
ஐப்பசி மழைக்கு நனைந்த மூட்டைகள்,
காலடியில் சரசரக்கும் செந்தோல்,
நடுவே ஒரு மடக்கு மேசை,
ஐஸ் பெட்டி, டாக்டர் ஜெனோவா,
நான், என் பதிவேடு.

போன வாரம் இதே மேசையில்
இலவசம் என்று எழுதி ஒட்டியிருந்தோம்.
ஐந்து மணி நேரத்தில் நாலு பேர்.
ஒருவர் பிரஷர் பார்க்க வந்தவர்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

இந்த வாரம் அதன் கீழே இன்னொரு வரி:
ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் நூற்றைம்பது ரூபாய்.
பத்து மணிக்கெல்லாம் வரிசை
டீக்கடையைத் தாண்டி வளைந்துவிட்டது.

"ஓட்டுக்குத்தான் கவருன்னா ஊசிக்குமா?"
மொக்கையன் கேட்டான்.
"அதுக்கு விரலு, இதுக்குத் தோளு."
வரிசை சிரித்தது.
சிரித்த யாரும் இடத்தை விடவில்லை.

கணக்கர் சாந்தாராம் மட்டும் எழுந்தே வரவில்லை.
போன வாரம் சொன்னார்,
"சும்மா குடுக்குறது எதுக்கு ஆகும்?"
இந்த வாரம் சொன்னார்,
"காசு குடுத்துப் போடுறாங்கன்னா
உள்ள என்னமோ இருக்கு."

போன வார நாலு பேரில்
மற்ற இருவரின் முகம் மறந்துவிட்டது.
நாலாவது ஒச்சம்மாள்.
கிழிந்த சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிறவள்.
ஊசியைப் பார்த்துப் பயமா என்றதற்கு
சாண் நீளக் கோணி ஊசியைத்
தூக்கிக் காட்டியவள்.
இன்று நேராக மேசைக்கு வந்தாள்.
"எனக்குரிய நூத்தம்பது?"

திட்டம் திங்கட்கிழமைதான் தொடங்கியது,
அதற்கு முன்னால் போட்டவர்களுக்கு
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.
சொன்னேன்.

"சொன்ன உடனே வந்தவளுக்கு ஒண்ணுமில்ல.
யோசிச்சவனுக்கு நூத்தம்பது.
நல்லா இருக்கும்மா ஒங்க கணக்கு."
மறு தோளை நீட்டிப் பார்த்தாள்.
டாக்டர் தலையாட்டி மறுத்தார்.
போய்ச் சாக்குக்குள் கைவிட்டு
விட்ட தையலைத் தேடினாள்.

அப்புறம் சோணைமுத்து.
சட்டையைக் கழற்றும் முன்பே
"எந்தத் தோள்ல?"
இடது என்றேன்.
"மூட்டை ஏர்றது அதுலதான்."
அப்படியென்றால் வலது.
"பிடிக்கிற கை."
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அவர் அசையவில்லை.
"மூட்டைக்குப் பன்னெண்டு ரூவா.
ஒரு நாளைக்கு முப்பது மூட்டை.
தோள் வலிச்சா முந்நூத்தறுபது போச்சு.
நீ குடுக்குறது பாதிகூட இல்ல."

எனக்கு என்ன சொல்லவென்று தெரியவில்லை.
அவரே தொடர்ந்தார்.
"தையில காய்ச்சல் வந்து
ஒம்பது நாள் படுத்தேன். அதையும் எழுது."
பதிவேட்டின் பின்னட்டையில் பெருக்கினேன்.
மூவாயிரத்து இருநூற்று நாற்பது.
மருந்துச் செலவு சேர்க்காமல்.

அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
எனக்கு அவசரம்.
"இதைப் போன வாரமே காட்டியிருந்தால்
வந்திருப்பீங்கதானே?"

"வந்திருக்க மாட்டேன்.
லோடு எறங்குற நேரத்துல
ஊசி போடப் போறேன்னு
எப்படிச் சொல்றது?
காசு வாங்கப் போறேன்னா
மேஸ்திரியும் பேச மாட்டான்.
வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல."

வலது தோளைக் கொடுத்தார்.
பத்து நிமிடம் உட்காரச் சொன்னோம்.
ஒச்சம்மாள் பக்கத்தில்
ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து
நூற்றைம்பதை இரண்டு தடவை எண்ணினார்.
அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

மாலை நாலு மணி. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
அதில் முப்பத்தொன்று கைநாட்டு.
பணமும் ரசீதும் சரியாகப் பொருந்தின.
ஐஸ் உருகி மேசைக்கடியில் ஓட
அதில் வெங்காயத் தோல்கள் மிதந்தன.

போன வாரப் பக்கத்தைத் திருப்பினேன்.
ஒச்சம்மாள், வயது ஐம்பத்திரண்டு, இடது தோள்.
தொகை என்ற இடத்தில் ஒரு கோடு.
குறிப்பு என்ற இடம் காலி.
அதில் எழுதினேன்:
சாக்கு கேட்காமல் வந்தவர்.

மேலதிகாரி நாளைக்குக் கூப்பிடுவார்,
"என்னம்மா இது, எந்த சாக்கு?" என்று.