கொக்கின் முதுகு

கீழமாசி வீதி, மிளகாய் மண்டிக்கு மேல்மாடி.
மணிக்குப் பதினைந்து ரூபாய்,
ஆளுக்கில்லை, ஜாய்ஸ்டிக்குக்கு.
யார் தும்மினாலும் ஒரு ரவுண்டு போய்விடும்.
தும்மலில் போனதையும் தோல்வியாகத்தான் எழுதுவான் துளசிராம்,
சுவரில், கரிக்கோடாக.

சண்டை ஆட்டத்தின் மூன்று பாகத்திலும்
பதினெட்டுப் பேரில் நான் எடுப்பது ஒருவனை.
ஒற்றைக்கால் தூக்கி நிற்பான். கொக்கு என்போம்.
திரையில் வேறு பேர் போட்டிருக்கும்,
அதை யார் படித்தது.
உதைக்கு நீளம் போதாது,
ஓரத்தில் மாட்டினால் சட்னி.
துளசிராமின் சங்கிலிக்காரனுக்கு
ஓரத்தில் மாட்டுவதுதான் தொழில்.

அந்த உலகத்தில் திசை இரண்டே:
அடிக்க முன்னால், தப்பிக்கப் பின்னால்.
அவர்களுக்குப் பின்புறம் ஒரு பாலம், மழை, ஒரு கதவு.
வரைந்த கதவு.

அப்புறம் ஒருநாள் மீனாட்சி பஜாரிலிருந்து
ஹக்கீம் பாய் ஒரு சிடி கொண்டுவந்தார்,
மார்க்கரில் எழுதியது.
கொக்குக்கு மட்டும் தனி ஆட்டமாம்.
மற்றப் பதினேழு பேரும் இல்லையாம்.
லோடாக நாலு நிமிஷம்.
திறந்ததும் தெரிந்தது
முதுகு.

நாலு வருஷமாய் அவனைப் பக்கவாட்டில்தான் தெரியும்,
காசில் இருக்கிற தலை மாதிரி.
முதுகுச் சட்டையில் ஒரு கிழிசல்,
அதில் வேறு நிற நூலில் தையல்.
யார் தைத்துக் கொடுத்தது?

அடிக்க ஆளில்லை.
அழுத்தினேன், நடந்தான்.
பாலத்தில் ஏறினான்.
மழை அவன்மேல் பெய்தது.
கதவைத் தள்ளினேன்,
திறந்துகொண்டது.

"என்னோடது வேலை செய்யல பாய்."
எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்திருந்தான் துளசிராம்.
"ஒத்தையாள் ஆட்டம்டா.
ஆனா சொருகியிருந்தா காசு காசுதான்."

அவன் பிடுங்கவில்லை.
செத்த ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு
எடது பக்கம் ஏணி என்றான்.
மேல போகாத, வெளக்கு ஆடுது என்றான்.
நான் குதிக்கையில் அவன் கட்டைவிரலும் அமுங்கியது.
பின்னாடி ஒருத்தன், பார்த்து என்றான்.
நாலு வருஷத்தில் என்னிடம் அவன்
பார்த்து என்று சொன்னதில்லை.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
மெமரி கார்டு கிடையாது.
பாலம், கதவு, ஏணி, எல்லாம் இனி முதலிலிருந்து.
கீழே லாரியில் மூட்டை இறக்குகிறார்கள்.

எப்போதும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பான்,
நான் போனபிறகுதான் எழுவான்.
அன்றைக்கு இருட்டுதானே என்று நினைத்தானோ என்னவோ,
முப்பது ரூபாயையும் அவனே கொடுத்துவிட்டு
முதலில் இறங்கினான்.
ஹக்கீம் பாய் நல்லெண்ணத்தில் டார்ச் அடித்தார்.

வயர் நாற்காலியின் வரிகள்
வியர்வைச் சட்டையில் பதிந்திருந்தன.
ஒவ்வொரு படிக்கும் வலதுகாலை வைத்து,
நின்று,
இடதுகாலை அதன் பக்கத்தில் எடுத்து வைத்தான்.
பதினாலு படி.

அடியில் போய்த் தும்முவது கேட்டது.
நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.