எண்பத்து மூன்றில் ஏழு

ஹவாய்க் கடலில், கவாய் தீவில்
மழை விட்ட பின்னிரவு.
விடுதியின் புல்தரையில்
நெற்றிவிளக்கோடு குனிந்து நடக்கிறாள் கெஹாவ்.
இடுப்பில் பிளாஸ்டிக் டப்பாக்கள்.
ஒவ்வொரு மூடியிலும் ஊசித் துளை.

காவலாளி யூஃபேமியோ தாக்டாகன் சொல்கிறார்:
"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
இந்தச் சுவர்க்கோழிகள் போட்ட கூச்சலில்
அறை மாற்றித் தரச் சொல்லி
தினமும் ஒருவர் சண்டைக்கு வருவார்.
மருந்தடித்தோம். மசியவில்லை.
அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்
தானே அடங்கிவிட்டது.
மேனேஜருக்குப் பதவி உயர்வு."

தவளை தன் வாயால் கெடும்.
இது தன் சிறகால் கெட்டது.
சிறகைச் சிறகில் உரசி
இங்கே இருக்கிறேன் இங்கே இருக்கிறேன் என்று
ஆண் அழைத்தபோது
பெண்ணுக்கு முன்னால் வந்து சேர்ந்தது ஓர் ஈ.
அந்தப் பாட்டுக்கென்றே அதற்கும் ஒரு காது.
பாடகன் முதுகில் புழுக்களை இறக்கிவிட்டுப் போனது.
ஒரு வாரம்.
உள்ளே தின்று வெளியே வந்தன.
கூடு மட்டும் புல்லில்.

அந்த இரவுகளில் எங்கோ ஒன்று
பிழையோடு பிறந்திருந்தது.
ரம்பப் பல் அழிந்த சிறகு. தட்டை. ஊமை.
ஈ இல்லாத இடமென்றால்
துணை கிடைக்காமல் செத்திருக்கும்,
யாரும் குறித்திருக்க மாட்டார்கள்.
இங்கே அதற்குப் பிள்ளைகள்,
பிள்ளைகளுக்குப் பிள்ளைகள்,
இருபது தலைமுறை.
நம் கணக்கில் நாலைந்து வருஷம்.
யூஃபேமியோவின் வீட்டுக் கடனில்
பாதிகூட அடைந்திருக்கவில்லை.

"பாடாமலிருக்கக் கற்றுக்கொண்டன"
என்று நோட்டில் எழுதி அடிக்கிறாள்.
எதுவும் கற்கவில்லை.
"முடிவெடுத்தன." அதையும் அடிக்கிறாள்.
பாடியவை போயின, மிச்சம் இவை
என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.
ஆனாலும் யார் செய்தது, யார் செய்தது என்று
எழுவாய் கேட்டு அடம்பிடிக்கிறது மொழி.

இன்றைய கணக்கு: ஆண்கள் எண்பத்து மூன்று.
பாடுபவை ஏழு.
அந்த ஏழின் பக்கத்திலேயே
மற்றவை பதுங்கிக் கிடக்கின்றன,
யாருடைய அழைப்புக்கோ வரும் பெண்ணை
வழியிலேயே மறித்துக்கொள்ள.

ஏழும் தீர்ந்தால்?
ஊமைகள் மட்டுமே மிஞ்சிய புல்வெளியில்
யார் யாரைக் கண்டுபிடிப்பது?
ஈக்கும் அன்றைக்குப் பசிக்கும்.
கெஹாவுக்குத் தெரியாது.
நோட்டில் அந்தக் கட்டம் காலி.

டப்பா ஒன்றைக் காவலாளியின் காதருகே பிடிக்கிறாள்.
"ஒன்றும் கேட்கவில்லையே."
விளக்கை அதன்மேல் திருப்புகிறாள்.
உள்ளே அந்தத் தட்டைச் சிறகு
உயர்ந்து, உரசி, உயர்ந்து, உரசி,
முன்னோர் அழைத்த அதே தாளத்தில்
ஒரு அடி விடாமல்
முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருக்கிறது.

யூஃபேமியோ
இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியின் ஒலியைக்
குறைத்துவைத்தார்.