நாலு பேன்கேக்

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி இருபத்தைந்தாம் தேதிதான்
எங்கள் தெருவுக்குத் திரும்பும்.
அதுவரை ஃபியோர்டுத் தண்ணீர்
கரிபிடித்த சட்டியின் அடிப்பாகம் போலக் கிடக்கும்.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
எல்லோருக்கும் இரண்டு மாதம் இருட்டு.
எனக்கு ஆறு வருஷம்.

மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதினவள் நான்.
காட் இத்தனை கிலோ, ஹாடக் இத்தனை,
ஒரு குரோனா பிசகாது.
ஒரு காய்ச்சல் வந்தது, போனது,
போகிற போக்கில் எதையோ தூக்கிக்கொண்டு போனது.
ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்.
ஸ்கேனிலும் ஒன்றுமில்லை.
மாடிப்படியில் மட்டும் இருந்தது.

இப்போது உடம்புதான் எனக்குக் கந்துவட்டிக்காரர்.
திங்கள்கிழமை தலைக்குக் குளித்தேன்,
அக்காவோடு ஃபோனில் வயிறு குலுங்கச் சிரித்தேன்.
அன்றைக்கு வாய் திறக்கவில்லை மனிதர்.
புதன்கிழமை வந்து கதவைத் தட்டினார்.
அசலும் வட்டியுமாய்க் கட்டி முடிக்க
அடுத்த ஞாயிறு ஆனது
திரை இழுத்து மூடிய அறையில்,
கரண்டி வைக்கும் சத்தம்கூடப் பொறுக்காமல்.

யோசனை சொல்லாதவர் இந்த ஊரில் யார்?
மளிகைக்கடை குட்லெய்ஃபுர் மஞ்சள் மாத்திரை தந்தார்.
எதிர்வீட்டு அர்ன்பியோர்ன் மலைப்பாசி பறித்துவந்து
கொதிக்கவைத்துக் குடி என்றான்.
குடித்தேன்.
பாசியின் கசப்பு பாசியோடு,
என் களைப்பு என்னோடு.
காட் மீன் எண்ணெய் பிறந்ததிலிருந்து குடிக்கிறேன்,
அதற்கும் இதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.
பனித்தண்ணீர்க் கடலில் மூன்று நிமிடம் முங்கி எழு
என்றாள் ஒருத்தி.
அவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

சுகாதார நிலையத்து பிசியோதெரபிஸ்ட் தோர்கெர்துர்
ஒன்றுதான் சொன்னாள்:
களைத்தபின் உட்காராதே,
களைப்பதற்கு முன்னால் உட்கார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பசிக்குமுன் சாப்பிட்டவளில்லை நான்,
மழைக்குமுன் துணி எடுத்தவளுமில்லை.
இருந்தாலும் ஐந்தாம் படியில்
ஒரு மெத்தைத் துண்டு போட்டேன்.
ஏறும்போதெல்லாம் அதில் உட்காருகிறேன்.
முடியாத நாளில் அது சுலபம்.
முடிகிற நாளில்தான்
பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது.

தூக்கம் தனிக் கதை.
உடம்பு அடித்துப்போட்டது போலக் கிடக்கும்,
மூளை மட்டும் விளக்கேற்றிக் கடை திறக்கும்.
கைபேசியை இரவு எட்டுக்கே
செருப்பு அலமாரியில் படுக்கவைத்தேன்.
விடிந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில்
விளக்குப் பெட்டி முன்னால் அரைமணி,
கஞ்சி ஆறும்வரை பொய்ச்சூரியன்.
ஜூன் வந்தால் தலைகீழ்,
நடுராத்திரி வெயிலுக்கு ஜன்னலில்
அலுமினியத் தாள் ஒட்டுகிறேன்.

வியாழக்கிழமை நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டி,
கழுத்துவரை, பத்தே நிமிடம்.
யாராவது பேச வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.
தண்ணீர் என் எடையைக்
கைமாற்றாக வாங்கிக்கொள்கிறது.
அதற்கு மட்டும் வட்டி கிடையாது.

குணம் என்று சொல்லமாட்டேன்.
மாதத்தில் பதினோரு படுக்கை நாள் இருந்தது,
ஏழாகியிருக்கிறது.
போதும் என்று எழுதினேன் நோட்டில்.
கீழே, போதாது என்றும்.

இன்று இருபத்தைந்து.
தெருவெல்லாம் சூரியக் காப்பி வாசனை.
முன்பு ஏலக்கூடத்துக்கு
நாற்பது பேன்கேக் சுட்டுக்கொண்டு போவேன்.
இன்று முக்காலியில் உட்கார்ந்தபடி நாலு.
ஐந்தாவதற்கு மாவு இருந்தது.
கரண்டி கையில் இருந்தது.
கையும் நன்றாகத்தான் இருந்தது.
அடுப்பை அணைத்தேன்.

வந்தது.
எதிர்ச்சுவரில் கையகல மஞ்சள்.
அர்ன்பியோர்ன் வாசலில் நின்று
தொப்பியைக் கழற்றினான், ஒன்றும் பேசவில்லை.
எட்டு நிமிடம் இருந்துவிட்டு
மலைமேல் உட்கார்ந்துகொண்டது சூரியன்,
களைத்த மாதிரியே தெரியவில்லை.

மாவுக் கிண்ணத்துக்கு ஒரு தட்டை மூடினேன்.