பிரிக்காத கடிதம்

கைசேரியில், இரும்பு அலமாரியின் நாலாவது இழுப்பறையில்
எனக்கு விழிப்பு வந்தது.
நான் ஒருநாளும் வந்திராத ஊர்.
என் துணிகள் வந்திருக்கின்றன,
வெள்ளீயப் பொதிக்குமேல் விரித்து,
கருங்கழுதை முதுகில், ஆறு வாரம் மலையேறி.
நான் அசூரில்
தறிக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றபடியே
செத்துப்போனவள்.

பெயர் தரிஷ்மாதும். எலாலியின் மனைவி.
முதல் மனைவி என்று சொல்ல வேண்டுமாம்.
அதைப் பக்கத்து இழுப்பறையிலிருக்கும்
கல்யாண ஒப்பந்தம்தான் சொன்னது,
இந்த ஊர்க்காரி ஒருத்தியின் பெயரோடு,
நாலு சாட்சியோடு.

இரவில் தரை துடைக்க வருகிறவள் யெத்தேர்.
'போதும்' என்று அர்த்தம்.
ஐந்தாவதும் பெண்ணாய்ப் பிறந்தபோது வைத்தார்களாம்.
என்னைக் கண்டு அவள் அலறவில்லை.
ஈரத்தில் மிதிக்காதே என்று
துடைப்பக் கட்டையை நீட்டி மறித்தாள்.
அப்புறம் தேநீர் தந்தாள்,
இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில்.

பேச்சு ஒட்டவில்லை. விரல்கள் ஒட்டின.
நான் இருபத்திரண்டு காட்டினேன், துணி.
அவள் ஏழு காட்டினாள், மாதம்.
அவள் கைபேசிக்குள் ஓர் ஆணின் முகம்.
எங்கோ குளிர்நாட்டில் லாரி ஓட்டுகிறான்.
அவள் அனுப்பியவற்றின் கீழெல்லாம்
இரண்டு சாம்பல் கோடுகள்.
நிறம் மாறவேயில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

வட்டி போட்டுப் பார்த்தோம்.
மினாவுக்கு மாதம் ஒன்றரை ஷெக்கெல், எங்கள் ஊர் வழக்கம்.
பாக்கி பத்து மினா.
வட்டிக்கு வட்டி அழுத்த அழுத்த
எண் திரையைவிட்டு வழிந்தது.
கடைசியில் 'பிழை' என்று நின்றுவிட்டது.
எலாலி,
சன்னலுக்கு வெளியே தெரிகிற எர்ஜியேஸ் மலையின்
பனியையெல்லாம் வெள்ளி என்று எடுத்துக்கொண்டாலும்
உன் கடன் தீராது.

என் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.
மண் உறை, அதன்மேல் என் முத்திரை:
இரண்டு ஆடு, ஒரு பிறை.
ஒரு கீறலில்லை.
காதோரம் ஆட்டினால்
முற்றிய சுரைக்காய்க்குள் விதைபோல
என் சொற்கள் கடகடவென்கின்றன.

நீ உடைக்கவே இல்லை.

உனக்காக நானே காரணம் தேடினேன்.
கழுதைக்காரன் பிந்தியிருக்கலாம்,
காய்ச்சல் முந்தியிருக்கலாம்.
அந்த இன்னொருத்தி
தானியக் குதிருக்கு அடியில் வைத்து மறந்திருக்கலாம்.
மறக்காமலும் இருந்திருக்கலாம்.
நானாக இருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

விடிந்ததும் பெர்ரின் வந்தாள்,
கண்ணாடி போட்ட, தூக்கம் கெட்ட பெண்.
உறையை உடைக்காமலே உள்ளே பார்க்கும்
பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள்.
மூலையில் நின்ற என்னை அவள் பார்க்கவில்லை,
அவள் பார்வை முழுக்கத் திரையில்.
ஆணிக்குறிகள் ஒவ்வொன்றாய் எழும்பி வர
என் மொழியை
முள்ளெடுக்கத் தெரியாதவள் மீன் தின்பதுபோல
மெல்ல மெல்ல வாசித்தாள்:

எலாலிக்குச் சொல்,
தரிஷ்மாதும் சொல்வது.
நீ கேட்டபடி ஒருபக்கம் மட்டும் கோதி அனுப்பியிருக்கிறேன்.
அகலம் குறைவு என்று மறுபடி எழுதாதே,
கம்பளி என்ன விலை தெரியுமா.
வடக்கறையின் உத்தரம் இறங்கிவிட்டது.
பார்லி கடனுக்குத்தான்.
வெள்ளியைக் கையோடு அனுப்பு.
நீ

அங்கே நின்றாள்.
கண்ணைச் சுருக்கினாள், பெரிதாக்கினாள், திருப்பினாள்.
மூன்று குறிகள் மழுங்கியிருக்கின்றன.
மூன்று புள்ளி வைத்தாள்.
ஓரத்தில், 'துணியின் பெயராக இருக்கலாம்' என்று எழுதினாள்.

இருக்கட்டும்.

மண் காயுமுன்
கட்டைவிரலால் நானே தேய்த்தது அது.
வெள்ளி கேட்டு எழுதும் கடிதத்தில்
அப்படியொரு சொல் எதற்கு என்று.

யெத்தேர் வாசலில் நின்றிருந்தாள்,
வாளி காலடியில், கைபேசி கையில்.
எதையோ எழுதி எழுதி
கட்டைவிரலால் அழித்துக்கொண்டிருந்தவள்
திரையில் அந்த மழுங்கலைப் பார்த்தாள்.
எங்கள் எழுத்து அவளுக்குத் தெரியாது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போனாள்.