இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

ஞாயிறு காலை ஏழு மணி. பழைய பீளமேடு.
பதினான்கு பேர், பதினான்கு தண்ணீர் பாட்டில்.
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து முன்னால் நடக்கிறார்
கட்டிடக்கலை படித்த கிருபாஷினி.
தலைக்கு இருநூறு ரூபாய். நானும் கட்டியிருக்கிறேன்.
காசு கொடுத்து இந்தத் தெருக்களில் நடப்பது
எனக்கு இதுதான் முதல் தடவை.

இருபத்தெட்டில் கட்டியது, என்கிறார்.
மேலே பாருங்கள், சுதைக் கிளி;
போன மழையில் மூக்கு போய்விட்டது.
எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
என் கண் போவது வாசலுக்கு இடப்புறம்
இடுப்புயரத்தில், மீட்டர் பெட்டிக்கு.
பதினொரு வருடம் இங்கே ரீடிங் எடுத்தவள்.
கிளி இருந்ததே தெரியாது.

அவர் தேக்கு என்னும்போது எனக்கு நாய் ஞாபகம்.
அவர் தூண் என்னும்போது
செருப்பைத் தெருவிலேயே கழற்றச் சொன்ன வீடு.
"ஏனுங் அம்மிணி, ஃபேனே போடறதில்லீங்,
இத்தனை ஏறிப்போச்சுங்களே?"
என்று மாடியில் ஏசி ஓடும் சத்தத்துக்கு மேல்
கத்திக் கேட்ட சென்னியப்பர் வீட்டில்
வளைவுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.
அருமையான வளைவுகள்.

சந்தில் ஓர் எருமை குறுக்கே படுத்திருந்தது.
ஊர்வலம் சுற்றிக்கொண்டு போனது.

ஏழாவது வீடு.
"மில்லில் பங்கு வைத்திருந்த குடும்பம்.
நாற்பது வருடமாக யாரும் குடியில்லை.
ஒரு நிமிடம்,
இந்த மௌனத்தைக் கேளுங்கள்."

கேட்டோம்.
போன கணக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
மௌனம் இவ்வளவு கரண்ட் குடிக்காது.
சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள்
கதவு திறந்தது.

வாயில் பிரஷ்ஷோடு ஒரு பையன்.
பவுண்டரி நைட் ஷிப்ட் முடித்த கரி, காது மடலில்.
பின்னால் கூடம் நிறையப் பாய்கள்,
பாய் நிறையத் தூக்கம்,
தேக்கு உத்தரத்தில் ஈர லுங்கிகள்,
ஒரே பலகையில் ஒன்பது செல்போன் சார்ஜ்.
பதினான்கு கேமராவைப் பார்த்தான்.
சாத்திக்கொண்டான்.

குடை தாழ்ந்தது.
"அடுத்த வீட்டுக்குப் போகலாங்களா?"
கிருபாஷினியின் குரலில் முதல்முறையாகக் கோயமுத்தூர்.
யாரும் நகரவில்லை.

மறுபடி திறந்தான்.
நீலச் சட்டை. தண்ணீர் தொட்டு எடுத்த வகிடு.
பூவேலை நிலைக்கு நட்டநடுவில்
கைகளைத் தொங்கவிட்டு நின்றான்,
ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,"
பெரிய லென்ஸ்காரர் சொன்னார், தன்மையாகத்தான்.
அவன் என்ன புரிந்துகொண்டானோ,
ஓரடி முன்னால் வந்தான்.

நான்தான் எடுத்தேன்.
கொஞ்சம் ஆடிவிட்டது.
ஃபோனைத் தாழ்த்தியதும் முகம் தெரிந்திருக்க வேண்டும்:
"ரீடிங்கா மேடம்?"

"இல்லப்பா, அது பதினாறாந் தேதி.
இன்னைக்கு வீடு பார்க்க வந்தோம்."

அப்படியா என்று
அவனும் படியிறங்கி, தெருவுக்கு வந்து,
எங்களோடு நின்று
திரும்பிப் பார்த்தான்.